மகிழமும் வெண்கஸ்தூரியும்

நேயர்களே, இன்று நாம் பேசப் புகும் பொருள் மிகச் சிறியது. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு குப்பிகளைப் பற்றியது. ஒன்றில் இருந்தது மகிழம்பூ அத்தர். மற்றொன்றில் மல்லிகையோடு வெண்கஸ்தூரி சேர்த்த வாசனைத் திரவம். இரண்டும் மென்மையான மணங்கள். இரண்டும் பூவின் இனிமையில் தொடங்கிக் கஸ்தூரியை நினைவூட்டும் ஒரு மந்தமான மணத்தில் சென்று முடிபவை. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இதற்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நாமும் ஒரு நிமிடத்தில் முடியும் காரியம் என்றே முதலில் எண்ணினோம். ஒன்பது நாட்கள் ஆயின.

இது நிகழ்ந்த இடம் லாங் ஐலண்ட். அந்தமான் தீவுக்கூட்டத்தில், நடு அந்தமானுக்குக் கிழக்கே கிடக்கும் சிறிய தீவு அது. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறியும் செல்லலாம்; ரங்கத்தை அடுத்த யெரட்டா துறையிலிருந்து படகேறியும் செல்லலாம். அங்கே நம் தமக்கையார் குடும்பம் வாழ்கிறது. நம் அன்னையாரும் அவர்களுடனேயே இருக்கிறார். தமக்கையாரின் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் என்று நாள் குறித்திருந்தார்கள். மணமகன் கோயம்புத்தூர். முகூர்த்தத்துக்கு எந்த வாசனையைப் பூசிக்கொள்வது என்று பெண் கேட்டாள். மைத்துனர் வழி உறவினர் ஒருவர் கன்னோசியிலிருந்து அத்தரை வாங்கி அனுப்பியிருந்தார். மற்றொன்று சென்னையில் அவளே வாங்கியது. கார்த்திகை மாதத்தில் நாம் அத்தீவுக்குச் சென்று இறங்கியபோது இரண்டு குப்பிகளும் மேசையின்மேல் இருந்தன.

மணத்தைப் பற்றிப் பேசுமுன் அத்தீவின் மணத்தைச் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் பாசியும் உப்பும். உள்ளே சென்றால் மழையில் ஊறிய மண்ணும் மட்கிய இலையும். வீடுகளின் அருகே காயும் மீன். ஒரு காலத்தில் இத்தீவுகள் எங்கும் அறுத்த மரத்தூளின் மணமும் சேர்ந்திருந்தது. காடு வெட்டும் தொழிலே அப்போது பலருக்குச் சோறு போட்டது. 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் அத்தொழில் சுருங்கிவிட்டது. அறுத்த படாக் மரத்தின் மணத்தை முதியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். இத்தகைய காற்றில், ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில், மெல்லிய மணம் ஒன்று நிற்பதே அரிது. சென்னைக் கடையில் குளிரூட்டிய அறைக்குள் முகர்ந்து பார்த்து வாங்கிய ஒன்று, இங்கே வந்ததும் வேறொன்றாகிவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் எளிதில் ஆவியாகும் கூறுகள் விரைந்து பறந்துவிடுகின்றன என்பதே காரணம்.

மகிழம்பூவுக்கு இத்தீவுகள் அயலிடம் அல்ல. லாங் ஐலண்டுக்கு எதிரே நடு அந்தமானில், ரங்கத்துக்கு அருகே, பகுல்தலா என்றொரு ஊர் உண்டு. பகுல் என்பது வங்காளியர் மகிழமரத்துக்கு வழங்கும் பெயர். வடமொழியில் வகுளம் அல்லது பகுளம். ஆகவே பகுல்தலா என்றால் மகிழமரத்தடி. தாய்நாட்டு மரத்தின் பெயரை வங்காளக் குடியேறிகள் ஓர் ஊருக்கு வைத்தார்கள் போலும் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

தமிழருக்கோ இம்மரம் மிகப் பழைய உறவு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களில் வகுளமும் ஒன்று. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று பெயர். மகிழம்பூ மாலையை மார்பில் அணிந்தவர் என்பது பொருள். திருவொற்றியூரில் மகிழமே தலமரம். சங்கிலியாரை மணந்த சுந்தரர், அவரைப் பிரியேன் என்று சூளுரைத்தது அம்மரத்தின் அடியில்தான்; சூளை மீறி ஊரெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகிறது. திருமணத்துக்கு மகிழம்பூ மணத்தைப் பூசிக்கொள்வதில் இத்தனையும் வந்து சேரும் என்று நாம் மருமகளிடம் சொன்னோம். "அந்தச் சூளை மீறிவிட்டாரே, மாமா" என்றாள் அவள். விடை சொல்ல இயலவில்லை.

மகிழம்பூவைப் பார்த்திராத நேயர்கள் இருக்கலாம். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, வெண்மையும் மஞ்சளும் கலந்த, விண்மீன் வடிவச் சிறு பூ. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். உதிரும்போது நடுவே ஒரு துளை இருக்கும். ஊசியே இல்லாமல் நாரில் கோத்துவிடலாம். மற்றப் பூக்கள் வாடினால் மணம் போய்விடும். மகிழம்பூ காய்ந்து சருகான பின்னும் மணக்கும். ஆதலால்தான் அதனைத் துணிப் பெட்டிகளில் போட்டு வைத்தார்கள். ரோஜாவின் மணத்துக்கு அடிப்படையான பீனைல் எத்தில் ஆல்கஹால் இதன் மணத்திலும் மிகுதியாக உண்டு என்று இரசாயன நூலார் கண்டிருக்கின்றனர். (மகிழம்பூ முறுக்கை நினைத்துக்கொண்டவர்களுக்கு: அதில் வடிவம் மட்டுமே பூவைச் சார்ந்தது, மணம் தேங்காய்ப்பாலைச் சார்ந்தது.)

கன்னோசி, உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையை ஒட்டிய பழைய நகரம். அத்தர் வடிப்பது அங்கே வழிவழி வந்த தொழில். பெரிய செப்புக் கொப்பரையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகும் சாணமும் எரிப்பார்கள். எழும் ஆவி ஒரு மூங்கிற் குழாய் வழியே, நீர்த்தொட்டியில் அமிழ்த்திய மற்றொரு செப்புக் கலத்துக்குள் செல்லும். அக்கலத்தில் முன்னரே சந்தனத் தைலம் இருக்கும். பூவின் மணத்தைச் சந்தனம் ஏற்றுக்கொள்ளும்; நீரை வடித்துவிட்டு மறுநாள் புதுப் பூவை இட்டு மீண்டும் காய்ச்சுவார்கள். இவ்வாறு பல நாட்கள் நடக்கும். நெருப்பு மிஞ்சினால் பூ கருகிய மணம் ஏறிவிடும். ஆகையால் கொப்பரையின் ஓசையைக் கேட்டும், கலத்தைக் கையால் தொட்டும் பதம் காண்பவர் ஒருவர் அருகிலேயே இருப்பார். சாராயம் சேராத வாசனை இது. ஒரு துளி போதும்; உடலின் சூட்டில் மெல்ல மெல்ல விரியும்.

ஆனால் ஒன்று. சந்தனத் தைலத்தின் விலை ஏற ஏற, அதற்குப் பதிலாகப் பாரபின் எண்ணெய் போன்றவற்றில் மணத்தை ஏற்றுவோர் பெருகிவிட்டனர். தூய சந்தனத்தில் வடித்தது என்று சொல்லி மிக மலிவாக ஒருவர் விற்றால், அவர் சொல்லையும் விலையையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நலம். நமக்கு வந்த குப்பி எத்தகையது? முதல் நாள் இட்ட துளி மறுநாள் காலையிலும் மணிக்கட்டில் சந்தனமாக மணந்தது. அதனால் நல்லதென்றே கொண்டோம்.

இனி, இரண்டாவது குப்பி. வெண்கஸ்தூரி என்ற பெயரைக் கேட்டதும் தமக்கையார் முகம் சுளித்தார். மானைக் கொன்று எடுத்த பொருளை மணப்பெண் பூசலாமோ என்பது அவர் கவலை. அக்கவலை நியாயமானதே, ஆனால் இக்காலத்துக்குப் பொருந்தாது. கஸ்தூரி என்பது இமயமலைப் பகுதிகளிலும் அதற்கப்பாலும் வாழும் ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடியில் உள்ள பையில் சுரக்கும் பொருள். அதற்காக அம்மான்கள் கணக்கின்றிக் கொல்லப்பட்டன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. கடைகளில் வெண்கஸ்தூரி என்று விற்பவை எல்லாம் ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் பிறந்தவை.

அவை பிறந்த கதை சுவையானது. 1888-இல் ஜெர்மானியர் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்து ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, வெடிப்பதைவிட நன்றாக மணக்கும் ஒரு பொருள் அவர் கையில் அகப்பட்டது. கஸ்தூரியின் மணம் அதில் இருந்தது. முதற் செயற்கைக் கஸ்தூரிகளில் ஒன்று அதுவே. 1906-இல் வால்பவும் என்பவர் உண்மைக் கஸ்தூரியின் மணப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பு இருபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1926-இல் சுவிட்சர்லாந்தில் ருஷிச்கா என்ற அறிஞர், அது பதினைந்து கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் பெரிய வளையம் என்று கண்டார். அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். பின்னர் 1939-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிருகம்தான் என்றில்லை, செடியிலும் கஸ்தூரி மணம் உண்டு. நம் வெண்டைக்கு உறவான கஸ்தூரி வெண்டையின் விதையைக் கசக்கி முகர்ந்தால் அதே சாயல் வரும்.

செயற்கைக் கஸ்தூரிகளுக்கு ஒரு குணம். நீரில் கரையா, துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் சலவைத் தூள்களிலும் சோப்புகளிலும் அவற்றைச் சேர்த்தார்கள். நாளடைவில் மக்களுக்குத் "தூய்மையின் மணம்" என்றால் அதுவே என்று ஆகிவிட்டது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் வரும்.

தேர்வு தொடங்கியது. வாசனை தேர்ந்தெடுப்பதற்குச் சில முறைகள் உண்டு. நாம் கற்றவற்றைச் சொல்கிறோம். காகிதத்தில் தெளித்துப் பார்ப்பது போதாது. தோலில் இட வேண்டும். ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றொன்று. இட்டவுடன் முடிவு சொல்லலாகாது. முதற் கால் மணி நேரத்தில் வருவது எளிதில் ஆவியாகும் மேல்மணம். அதனைப் பார்த்துக் குப்பியை வாங்குவது, மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்துப் பெண் கொடுப்பது போன்றது. ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் முகரக் கூடாது. இடையே காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்குத் தெளியும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் அதனால் தனிப்பயன் எதுவும் காணப்படவில்லை. வெளியே சென்று சற்று நடந்துவிட்டு வந்தால் போதும். நாம் லாலாஜி விரிகுடாப் பக்கம் செல்லும் காட்டுப்பாதையில் சிறிது தூரம் நடந்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் நம் தீர்ப்பை உறுதியாகக் கூறினோம். "மகிழம்பூ நாள் முழுதும் நிற்கிறது. மற்றதில் மல்லிகை அரை மணி நேரம் மணக்கிறது. அதன்பின் வெறும் கை. காசுக்குக் கேடு." தமக்கையாரும் தலையசைத்தார். மருமகளோ வியப்போடு பார்த்தாள். "இல்லை மாமா, நேற்றுக் காலை தெளித்தது தாவணியில் இன்னும் இருக்கிறதே!" என்று தலைப்பை நீட்டினாள். முகர்ந்தோம். துணியின் மணமே தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு வங்காள அம்மையார் வந்தார். வாயிற்படியில் நின்றபடியே என்ன நல்ல வாசனை என்றார். சிறுவர்களைக் கேட்டோம், இருக்கிறது என்றார்கள். இல்லை என்றவர்கள் அவ்வீட்டில் இருவரே, நாமும் தமக்கையாரும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிறகுதான் படித்து அறிந்தோம். மற்ற மணங்களை எல்லாம் நன்கு உணரும் மூக்கு, சிலவகைக் கஸ்தூரிகளை மட்டும் உணராமற் போவது உண்டாம். ஒவ்வொரு மணப்பொருளையும் பற்றிக்கொள்ள மூக்கினுள் அதற்குரிய ஏற்பிகள் வேண்டும். 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கஸ்தூரியின் மணப்பொருளுக்குரிய ஏற்பியை அடையாளம் கண்டனர். அத்தகைய ஏற்பிகளின் அமைப்புப் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அது குடும்பவழியிலும் வரும். ஒரே வகைக் கஸ்தூரியை உணராதவர் வேறு வகையை உணரக்கூடும். மூன்று நாட்களாகக் குருடர் ஓவியத்துக்கு விலை சொன்ன கதையாக நாம் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தோம். சற்று நாணமாகவே இருந்தது.

ஐந்தாம் நாள்தான் மருமகள் உண்மையைச் சொன்னாள். "எனக்குப் பிடித்தது எது என்று எனக்கு முதல் நாளே தெரியும், மாமா. அம்மாச்சிக்கு எது தெரியும் என்பதுதான் தெரியவில்லை."

நம் அன்னையாருக்கு வயது எழுபத்தொன்பது. 2021-ஆம் ஆண்டு கொரோனாக் காய்ச்சல் கண்டு பிழைத்தார். பிழைத்தபின் மூக்கு மணத்தை இழந்தது. பால் பொங்கிக் கருகினாலும் தெரியவில்லை. மீன் கெட்டதும் தெரியவில்லை. சமையலறையில் எரிவாயு கசிந்தாலும் தெரியாது என்பதால் அவரைத் தனியே விடுவதற்கு அஞ்சினார்கள். கண்ணும் மங்கிவந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் ஹம்மெலும் அவர் கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஒரு பயிற்சிமுறையை மருத்துவர் ஒருவர் கூறினார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்னும் நான்கு மணங்களைக் காலையும் மாலையும் கருத்தூன்றி முகர வேண்டும். அவர்கள் பன்னிரண்டு வாரம் நடத்திப் பலருக்குப் பயன் கண்டனர். தீவில் ரோஜா கிடைப்பது அரிது. பன்னீர்க் குப்பி கிடைத்தது. யூகலிப்டசுக்கு நீலகிரித் தைலம். கிராம்புக்குக் குறைவில்லை, அந்தமானில் விளைவது. பேத்தியே நாள்தோறும் உடனமர்ந்து பயிற்சி செய்வித்தாள். நான்கு மாதம் கழித்துக் கிராம்பு தெரிந்தது. எலுமிச்சை சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. பன்னீர் இன்றுவரை வெறும் நீர்தான்.

அந்தப் பேத்தி இப்போது கோயம்புத்தூருக்குப் போகிறாள். ஆண்டுக்கு ஒருமுறை வருவாள். வரும்போது, கண் தெரியாவிட்டாலும், அருகில் வந்து நிற்பவள் தான்தான் என்று அம்மாச்சிக்குத் தெரிய வேண்டும்; அதற்காக இனி வாழ்நாள் முழுதும் ஒரே வாசனையைப் பூசிக்கொள்வதாக அவள் எண்ணம். இதைக் கேட்டபின் நாம் திருவொற்றியூர்ப் புராணத்தை எடுப்பதை நிறுத்திக்கொண்டோம்.

மகிழம்பூதான் என்று நாம் உள்ளூர நம்பினோம். அன்னையார் பிறந்தது கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூர். கோயில் திருச்சுற்றில் மகிழமரம் உண்டு. விடியலில் பூப்பொறுக்கிய கதையை அவர் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். அறுபது ஆண்டுக்கால நினைவு மூக்கைத் தட்டி எழுப்பாதோ?

மூன்று வெள்ளைத் துணித்துண்டுகளை எடுத்தோம். ஒன்றில் மகிழம்பூ, ஒன்றில் வெண்கஸ்தூரி, ஒன்று வெறுமை. எது எது என்று அன்னையாருக்குச் சொல்லவில்லை. மல்லிகை மேல்மணம் போகட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்து கொடுத்தோம். முதல் துண்டை வாங்கி முகர்ந்தார், தலையசைத்தார். இரண்டாவதையும் அவ்வாறே. மூன்றாவதைச் சற்று நேரம் முகத்தருகே வைத்திருந்தார். "இதிலே என்னவோ இருக்கு. வெயில்லே காஞ்ச துணி மாதிரி" என்றார். அது வெண்கஸ்தூரி. முதலில் கொடுத்தது மகிழம்பூ.

தற்செயலாக இருக்கலாம் என்று வரிசையை மாற்றி மாற்றி அடுத்த நான்கு நாட்களில் மேலும் ஐந்து முறை கொடுத்தோம். ஆறில் ஐந்து முறை அவர் வெண்கஸ்தூரித் துண்டையே எடுத்துக் கொடுத்தார். மகிழம்பூத் துண்டை ஒருமுறையும் எடுக்கவில்லை. அவருக்குப் பன்னீரின் ரோஜா மணம் தெரியவில்லை என்று முன்னரே சொன்னோம். மகிழம்பூவிலும் மிகுந்திருப்பது அதே கூறுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தம் மக்கள் இருவருக்கும் பிறவியிலேயே இல்லாத மணம் ஒன்று, காய்ச்சல் பறித்த மூக்கில் அன்னையாருக்கு எஞ்சி நின்றது. கடைசி நாளில் அத்தர்க் குப்பியின் பெயரைச் சொன்னோம். கையில் வாங்கித் திறந்து முகர்ந்தார். "மகிழம்பூவா?" என்று கேட்டுவிட்டு மீண்டும் முகர்ந்தார். சிறிது நேரம் மூடியைப் போடாமலே வைத்திருந்தார்.

திருமணம் தை மாதம் இனிதே நடந்தது. மணப்பெண் தலையில் மதுரையிலிருந்து வந்த மல்லிகைச் சரம். கையிலும் கழுத்தடியிலும் வெண்கஸ்தூரி. பந்தலில் வந்தவர்கள் எல்லோரும் வாசனையைப் புகழ்ந்தார்கள். நமக்கு மல்லிகையும் சாம்பிராணியும் மட்டுமே தெரிந்தன. பேத்தி வணங்க வந்தபோது அன்னையார் அவள் தோளைப் பற்றி இழுத்துக் கழுத்தருகே முகம் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மகிழம்பூக் குப்பியை நமக்குத் தருவதாகத் தமக்கையார் சொன்னார். அன்னையார் தரவில்லை. கிராம்பு, எலுமிச்சை, பன்னீர், நீலகிரித் தைலம் என்னும் நான்கோடு ஐந்தாவதாக அதனையும் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் திறக்கிறாராம். சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டோம். இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றார். குப்பியில் பாதிக்கு மேல் இருக்கிறது என்றும் சொன்னார்.